நாகதீபத்து மணியாசனம்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மேற்கே பரந்து கிடக்கும் தீவுகளுள் நயினாதீவு அளவாற் சிறியது, பெயர்களால் வளமுடையது. சைவ மக்கள் அதனை நயினை என்பர். சிங்கள பௌத்த மக்கள் நாகதீப என்பர். தமிழிலக்கியம் பயின்றோருட் பலர் அதனை மணிபல்லவம் எனக் கருதுவர். குறிகட்டுவான் துறையிலிருந்து புறப்படும் இயந்திரப் படகு சிறிது நேரத்தில் அத்தீவை அடைந்துவிடும். அங்கே இறங்குதுறைகள் இரண்டு உள. ஒன்று நாகபூஷணி அம்மன் கோயிலுக்கு எதிரே அமைந்தது. மற்றையது வெண்ணிறத் தூபியோடு விளங்கும் நாக விகாரைக்கு அண்மையிலுள்ளது. ஒரே படகில், ஒரே உப்புக்காற்றைச் சுவாசித்துக்கொண்டு வருவோர் இறங்குமிடத்திற் பிரிந்து செல்கின்றனர். இப்பிரிவைப் பலமுறை கண்டவன் என்ற முறையில், அத்தூபியின் பின்னணியிலுள்ள ஐதிகத்தைப் பற்றி என் உள்ளத்தில் நெடுநாளாக எழுந்துவந்த சில எண்ணங்களை இக்கட்டுரையிற் பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

முதலில் ஐதிகத்தை நோக்குவோம். ஏறத்தாழக் கி.பி. 5ஆம், 6ஆம் நூற்றாண்டளவிற் பாளி மொழியில் எழுந்த மகாவம்சத்தின் முதல் அத்தியாயம் புத்தர் பெருமான் இலங்கைக்கு மூன்று முறை எழுந்தருளினார் எனக் கூறுகின்றது. முதல் வருகை மகியங்கனைக்கு, மூன்றாவது களனிக்கு. இடைப்பட்ட இரண்டாவது வருகை நாகதீபத்துக்கு. மெய்ஞ்ஞானம் பெற்ற ஐந்தாம் ஆண்டில், சித்திரை மாதத்துத் தேய்பிறை உபோசத நாளின் அதிகாலையில் அவர் அங்கு வந்தார் என்பது நூற்செய்தி. வந்ததற்குக் காரணம் ஒரு போர். மகோதரன் என்னும் நாக அரசனும் சூளோதரன் என்னும் நாக அரசனும் மணிகள் இழைத்த ஆசனம் ஒன்றின் பொருட்டுப் படைதிரட்டி நின்றனர். புத்தர் போர்க்களத்துக்கு மேலே வானில் அமர்ந்து, முதலிற் பேரிருளைப் பரப்பினார். அஞ்சி நடுங்கிய நாகர்களுக்குப் பின்னர் ஒளியைக் காட்டி, இணக்கத்தைப் பற்றி அறம் உரைத்தார். அரசர் இருவரும் மனம் மாறி ஆசனத்தை அவருக்கே கொடுத்தனர். அவர் அதில் அமர்ந்து, அவர்கள் அளித்த உணவை ஏற்று, ஆசனத்தையும், தமக்குக் குடையாகத் தேவன் ஒருவன் ஏந்திவந்த மரத்தையும் வழிபாட்டுக்குரியனவாக நாகர்களிடமே விட்டுச்சென்றார். அந்த ஆசனமே இன்று தூபியினுள் உறைகின்றது என்பது பௌத்த அடியார்களின் நம்பிக்கை. இலங்கையின் பதினாறு பெருந்தலங்களுள் நாகதீபம் இரண்டாவதாக எண்ணப்படுவதும் இதன் காரணமாகவே.

இக்கதையைப் பொதுவாகச் சொல்வோர் ஒரு செய்தியைக் கவனியாது விடுவதுண்டு. சண்டையிட்ட இருவரும் அயலார் அல்லர். மாமனும் மருமகனும் ஆவர். மகோதரனின் தங்கை கண்ணவட்டமான மலையிலிருந்த நாக அரசனுக்கு மணமுடித்துக் கொடுக்கப்பட்டாள். அவள் மகனே சூளோதரன். அவளுடைய தந்தை அந்த மணியாசனத்தை அவளுக்குக் கொடுத்திருந்தார். தந்தை இறந்ததும் பிணக்கு எழுந்தது. மகாவம்சம் இதனை ஓரிரு அடிகளிற் கூறிவிட்டுப் போரின் வருணனைக்குச் சென்றுவிடுகின்றது. ஆயினும் யாழ்ப்பாணத்திற் பிறந்து வளர்ந்த ஒருவனுக்கு அந்த ஓரிரு அடிகளே கதையின் உயிர்நாடியாகத் தோன்றுதல் இயல்பு. தகப்பன் மகளுக்குக் கொடுத்த பொருள். தகப்பன் கண்மூடிய பின்னர் அதன்மேல் உரிமை கொண்டாடும் தமையன். தாயின் பங்கை விட்டுக்கொடுக்க மறுக்கும் மகன். இது சீதன வழக்கேயன்றி வேறென்ன?

ஒல்லாந்தர் ஆட்சியின்போது கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் திசாவையினால் 1707ஆம் ஆண்டளவிற் தொகுக்கப்பெற்ற தேசவழமை, எங்கள் மக்களின் சொத்துக்களை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என வகுத்துரைக்கின்றது. அத்தொகுப்புக்குப் பன்னூறு ஆண்டுகள் முற்பட்ட மகாவம்ச ஆசிரியர் அவ்வழமையை மனத்திற்கொண்டு எழுதினார் என நான் கூற வரவில்லை. அது பொருந்தாக் கூற்றாகும். ஆனால் மகளுக்குக் கொடுத்த பொருள் மகளின் வழிக்கா, மகனின் வழிக்கா என்ற வினா இந்நிலத்தில் என்றும் கனன்றுகொண்டிருக்கும் வினா. அதனை எங்கள் குடும்பத்திலேயே கண்டிருக்கின்றேன். என் அம்மாவுக்குச் சீதனமாக எழுதப்பட்ட பனங்காணித் துண்டொன்றின் எல்லை பற்றி அவருடைய தமையனாருக்கும் எங்களுக்கும் இடையே மனத்தாங்கல் மூண்டது. உறுதி எழுதிய நொத்தாரிசும் உயிருடன் இல்லை. எல்லைக் கல்லும் இடம்பெயர்ந்துவிட்டது. இரு வீட்டாருக்கும் பொதுவான பங்குக்கிணற்றில் ஒரு வீட்டார் தண்ணீர் அள்ளும் நேரத்தில் மற்ற வீட்டார் செல்வதில்லை. மாமா வீட்டு நன்மை தீமைகளுக்கு ஏழு ஆண்டுகள் நாங்கள் போகவில்லை. ஆச்சியின் அந்தியேட்டியன்று இருவரும் ஒரே பந்தியில் இருத்தப்பட்டபோதுதான் பேச்சு மீண்டது. அந்தத் துண்டுக் காணியிலிருந்து கிடைத்ததெல்லாம் சில கூடை பனங்காயும் கொஞ்ச ஓலையுமே. மணியாசனத்துக்காகப் படை திரட்டிய நாகர்களை நான் அந்நியராக எண்ண முடியாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

இனி, இதே நிகழ்ச்சியைத் தமிழ்க் காப்பியம் எவ்வாறு கூறுகின்றது என்பதை நோக்குதல் பொருத்தமாகும். சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலையிற் கதைத்தலைவி, புகார் நகரின் உவவனத்திலிருந்து மணிமேகலா தெய்வத்தால் எடுத்துச் செல்லப்பட்டு, தெற்கே முப்பது யோசனைத் தொலைவிலுள்ள மணிபல்லவத்திற் துயிலெழுகின்றாள். தன்னந்தனியே அலையும் அவள் கண்முன் புத்த பீடிகை தோன்றுகின்றது. நாக நாட்டை ஆண்ட அரசர் இருவர் அப்பீடிகைக்காகப் பொருத செய்தி அங்குக் கூறப்படுகின்றது. ஆயினும் இரு நூல்களுக்குமிடையே நுட்பமான வேறுபாடு உண்டு. காப்பியத்தில் அவ்வரசர் மாமன் மருமகன் எனச் சுட்டப்படவில்லை. சீதனச் செய்தியும் இல்லை. அப்பீடிகை இந்திரனால் இடப்பட்டது. இருவராலும் அதனைப் பெயர்த்தெடுக்க இயலவில்லை. விட்டு விலகவும் மனம் வரவில்லை. எடுக்கவும் மாட்டாது விடுக்கவும் மாட்டாது நின்று பொரும் அந்நிலை மனித இயல்பை எவ்வளவு கூர்மையாக உணர்த்துகின்றது! முடிவும் வேறானது. பாளி நூலில் அரசர்கள் ஆசனத்தைக் கொடுக்கின்றனர்; புத்தர் பெற்றுக்கொள்கின்றார். தமிழ்க் காப்பியத்திலோ புத்தரே அது தமக்குரியது என்று மொழிந்து அதன்மேல் அமர்ந்து அறம் உரைக்கின்றார். பற்றற்றவன் ஒருவனே உரிமை கூறுகின்றான். உரிமைக்காகப் போரிட்டவர்கள் வாயடைத்து நிற்கின்றனர்.

மூன்றாவது கதை நூலிற் படித்ததன்று; ஆச்சி சொல்லக் கேட்டது. அயலிலுள்ள புளியந்தீவிலிருந்து நாகம் ஒன்று நாள்தோறும் பூவைக் கவ்வியபடி கடலில் நீந்திவந்து நயினை அம்மனை வழிபட்டு வந்தது. ஒருநாள் கருடன் அதனைக் கொல்ல வட்டமிட்டது. நாகம் கடலிடையே இருந்த கல் ஒன்றைச் சுற்றிக்கொண்டது. கருடன் எதிரே மற்றொரு கல்லில் அமர்ந்தது. காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து அவ்வழியே மரக்கலத்தில் வந்த வணிகன் இதனைக் கண்டு நாகத்துக்காக இரந்தான். உன் செல்வத்தைக் கொண்டு அம்மனுக்குக் கோயில் எடுப்பாயானால் விட்டுவிடுகிறேன் என்றது கருடன். வணிகன் உடன்பட்டான், கோயில் எழுந்தது. பாம்பு சுற்றிய கல்லும் கருடன் கல்லும் கடலில் இன்றும் உள என்று கூறி, ஆச்சி படகிலிருந்து கையை நீட்டிக் காட்டுவார். "பாம்புக்கும் பருந்துக்கும் பொதுவாய்ப் பேச ஒரு மனிசன் இருந்தானே, அதுதான் பெரிசு" என்பது அவர் கதையை முடிக்கும் வாசகம்.

இம்மூன்று கதைகளையும் அருகருகே வைத்து நோக்கும்போது வியப்பு மேலிடுகின்றது. மொழி வேறு, சமயம் வேறு, காலம் வேறு. எனினும் மூன்றிலும் நாகர் வருகின்றனர். மூன்றிலும் பகை மூள்கின்றது. மூன்றிலும் புறத்தேயிருந்து வந்த ஒருவர் இடைநின்று அதனைத் தணிக்கின்றார். பகை தீர்ந்ததன் அடையாளமாகவே வழிபாட்டிடம் தோன்றுகின்றது. கதைகள் ஒன்றிலிருந்து ஒன்று கடன் பெற்றனவா, பொதுவான பழங்கதை ஒன்றிலிருந்து கிளைத்தனவா என்பதை ஆராய்ச்சியாளர் முடிவு செய்யட்டும். ஒரு தீவைப் பற்றிப் பேச நேர்ந்தபோதெல்லாம் மக்கள் மனம் சமாதானத்தையே கருப்பொருளாகத் தெரிந்துகொண்டது என்பதை நாம் மறத்தலாகாது.

கதையிலிருந்து வரலாற்றுக்கு வருவோம். நாகதீபம் என்ற பெயர் பண்டைக் காலத்தில் இச்சிறு தீவை மட்டும் குறித்ததன்று. வடமராட்சியில் வல்லிபுர ஆழ்வார் கோயிலுக்கு அண்மையில் 1936ஆம் ஆண்டிற் கண்டெடுக்கப்பட்ட பொன்னேடு இதற்குச் சான்று. வசப மன்னனின் ஆட்சியில் நாகதீவை நிருவகித்த அமைச்சர் ஒருவர் பற்றியும், பியகுக திசன் அமைத்த விகாரை பற்றியும் அச்சிறிய சாசனம் கூறுகின்றது. பேராசிரியர் பரணவிதான அதனைப் பதிப்பித்தார். அதன்பின் அதன் மொழி பற்றியும் வாசிப்புப் பற்றியும் அறிஞரிடையே விவாதங்கள் பல எழுந்துள்ளன. ஆயினும் குடாநாடு முழுவதுமே நாகதீவு எனப்பட்டது என்பதில் ஐயமில்லை. தேவநம்பியதீசன் காலத்தில் வெள்ளரசுக் கிளையோடு சங்கமித்தை வந்திறங்கிய சம்புகோளப் பட்டினமும் நாகதீபத்திலுள்ளதாகவே மகாவம்சம் கூறும். அது மாதகலையடுத்த சம்பில்துறை என்பர்.

சுன்னாகத்துக்கு அண்மையிலுள்ள கந்தரோடையைக் காணாது இவ்வரலாற்றை உணர முடியாது. போல் ஈ. பீரிஸ் 1917ஆம் ஆண்டு முதல் அங்குள்ள எச்சங்களைப் பற்றி எழுதி உலகறியச் செய்தார். பனங்கூடலின் நடுவே, முருகைக் கல்லாலான சிறிய தூபிகள் நெருக்கமாக அமைந்து காணப்படுகின்றன. அநுராதபுரத்தின் மாபெரும் தாதுகோபங்களைக் கண்ட கண்ணுக்கு இவை குழந்தைகள் கூடி விளையாட அமைத்தன போலத் தோன்றும். 1970ஆம் ஆண்டு அமெரிக்கப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அரும்பொருளகத்தினர் அவ்வூரில் நடத்திய அகழ்வு, பௌத்தத்துக்கு முற்பட்ட பெருங்கற்காலப் பண்பாட்டு மக்களின் குடியிருப்பு அங்கிருந்ததை வெளிப்படுத்தியது. பிராமி எழுத்துப் பொறித்த மட்பாண்டத் துண்டொன்றும் கந்தரோடையிற் கிடைத்தது. தத்தன் என்பானுடைய பாத்திரம் என்று அதற்குப் பொருள் கூறுவர். ஆக, பௌத்தம் இங்கு வெற்றிடத்தில் வந்திறங்கவில்லை. ஏற்கெனவே உழுதும், மட்கலம் வனைந்தும், இறந்தோரை அடக்கம் செய்தும் வாழ்ந்த மக்களிடையே அது வேர்விட்டது. அம்மக்களின் வழித்தோன்றல்களே பின்னர் வேறு சமயங்களையும் தழுவினர்.

நயினாதீவில் மற்றொரு கல்லும் உண்டு. அம்மன் கோயிலிலுள்ள அத்தமிழ்க் கல்வெட்டு, பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் (1153-1186) ஆணையாகும். பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் அதனை விரிவாக ஆராய்ந்து எழுதினார். ஊராத்துறையில் வந்திறங்கும் பிறநாட்டு வணிகர் காக்கப்படவேண்டும் என்பதும், யானை, குதிரை ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் நான்கில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும் உரியன என்பதும், ஏனைய சரக்கேற்றிய மரக்கலம் உடைந்தாற் பாதிக்குப் பாதி என்பதும் அதன் சாரம். சிங்கள நாட்டை ஆண்ட பௌத்த மன்னன், சைவக் கோயில் விளங்கும் தீவில், தமிழ் மொழியில், கடலில் உடைந்த பொருளின் உரிமை பற்றி ஆணை பிறப்பிக்கின்றான். ஆசனம் யாருக்கு என்ற கதையின் வினாவுக்கும் உடைந்த கப்பலின் சரக்கு யாருக்கு என்ற அரசாணையின் வினாவுக்கும் ஏதோ உறவு இருப்பதாக எனக்குத் தோன்றுவதுண்டு. மணிமேகலையிலும் பீலிவளை மணிபல்லவத்திற் கையளித்த குழந்தையை ஏற்றிச்சென்ற கம்பளச் செட்டியின் மரக்கலம் உடைகின்றதன்றோ! கப்பல்கள் உடையும் கடலருகே வாழ்ந்தோர் உரிமையைப் பங்கிடவும் கற்றிருந்தனர்.

இத்துணைச் சான்றுகளும் நம் காலத்திற் படும் பாட்டை எண்ணும்போது உள்ளம் துயருறுகின்றது. தூபி ஒன்று வெளிப்பட்டால், அது சிங்களவர் இங்கு வாழ்ந்ததற்கான உறுதிப் பத்திரம் என ஒரு சாரார் கொள்கின்றனர். அக்கூற்றுக்கு அஞ்சியே, தூபியை நமக்குத் தொடர்பற்ற பொருளாக மறுசாரார் ஒதுக்குகின்றனர். இரு சாராரும் ஒரே எடுகோளை ஏற்றுக்கொண்டவர்களே: பௌத்தம் என்றாற் சிங்களம், சைவம் என்றாற் தமிழ் என்பதே அவ்வெடுகோள். தமிழுக்கு மணிமேகலையையும், மறைந்துபோன குண்டலகேசியையும், வீரசோழியம் என்ற இலக்கணத்தையும் அளித்தோர் பௌத்தர் என்பதைத் தேர்வு வினாத்தாளில் மட்டும் நினைவுகூர்ந்தாற் போதுமா? மணிமேகலையை நம்முடைய ஐம்பெருங் காப்பியங்களுள் ஒன்றெனப் பெருமையோடு கூறிவிட்டு, அவள் வணங்கிய பீடிகையைப் பிறருடையது என்று விலக்குவது எவ்வகை நியாயம்?

தென்னிலங்கைப் பல்கலைக்கழகமொன்றிற் பயின்ற காலத்தில் என்னுடன் விடுதியில் தங்கியிருந்த சிங்கள நண்பர் ஒருவர், தம் பாட்டியார் இறப்பதற்கு முன் ஒருமுறையேனும் நாகதீபத்தைத் தரிசிக்க விரும்பியதாகவும், போரினால் வீதி அடைபட்டிருந்தமையால் அது கைகூடாமற் போனதாகவும் கூறினார். எங்கள் ஆச்சியும் அதே ஆண்டுகளில், இடம்பெயர்ந்து வன்னியில் இருந்தபடி, ஆனி உற்சவத்துக்கு நயினைக்குப் போக முடியவில்லையே என்று கண்ணீர் விட்டவர். இருவரும் நினைந்து ஏங்கியது ஒரே சிறு தீவை. ஒருவர் மொழியை மற்றவர் அறியார். ஒருவர் இருப்பதையே மற்றவர் அறியார். 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்தத்தின்போதும், 2009இற் போர் முடிந்த பின்னரும் ஏ-9 வீதி வழியே தெற்கிலிருந்து அடியார் திரள் திரளாக வந்தனர். அவர்களுள் அந்த நண்பரின் தாயாரும் ஒருவர். விகாரையில் வணங்கிய பின் அம்மன் கோயிலுக்கும் சென்று அருச்சனை செய்வித்ததாக நண்பர் எழுதியிருந்தார். ஆனால், வந்தோர் எல்லோரும் தீவு மக்களின் மனத்திலிருந்த காயங்களை அறிந்து வந்தனர் எனக் கூறுவதற்கில்லை. பக்தியோடு வருபவனும் வெற்றியின் நிழலில் வருபவனும் ஒரே வெள்ளாடையில் வரலாம். படகில் ஒடுங்கி அமர்ந்திருக்கும் ஊரவருக்கு அவ்வேறுபாடு உடனே விளங்கிவிடும்.

பெயர்ப்பலகையில் எந்தப் பெயரை எழுதுவது என்பதுகூட இன்று வழக்காகிவிட்டது. நயினாதீவு என்று எழுதினால் ஒரு சாராருக்கு வருத்தம். நாகதீப என்று மட்டும் எழுதினால் மற்றவருக்கு வருத்தம். மணியாசனப் போர் வேறு வடிவில் தொடர்கின்றது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. அன்று போன்றே இன்றும் பொருதுவோர் அயலாரல்லர்; உறவினரே. எவரும் ஆசனத்தைப் பெயர்த்துச் செல்ல முடியாது என்பதும் அன்று போன்றதே.

எனினும் நம்பிக்கை தரும் ஒரு செய்தியும் அத்தீவிலேயே உண்டு. அம்மன் கோயிலில் அடியார்க்கு நாள்தோறும் உணவு வழங்கும் மண்டபத்துக்கு அமுதசுரபி என்று பெயர். வைகாசி விசாகத்தன்று கோமுகிப் பொய்கையில் தோன்றி, மணிமேகலையின் கையை அடைந்து, பசித்தோர் அனைவருக்கும் உணவு சுரந்த பௌத்தப் பாத்திரத்தின் பெயர் அது. சைவ அடியார்கள் அதனைத் தயக்கமின்றித் தம் அன்னசாலைக்குச் சூட்டியுள்ளனர். அங்கே பந்தியில் இருப்போரிடம் எந்தத் துறையில் இறங்கினீர் என்று எவரும் வினவுவதில்லை. தெற்கிலிருந்து வந்த அடியாரும் அங்கு உண்டு செல்வதைக் கண்டிருக்கின்றேன். ஆசனத்துக்கு உரிமை கொண்டாடுவோர் பலர். பாத்திரத்துக்காகச் சண்டையிட்டவர் எவருமிலர். எடுத்து வைத்துக்கொள்ளும் பொருளுக்கே போர் மூளும். எடுத்து வழங்கும் பொருளுக்குப் போர் இல்லை.

மணிபல்லவத்துப் பீடிகைக்குச் சாத்தனார் ஓர் ஆற்றலை ஏற்றிக் கூறினார். அதனைக் கண்டு தொழுவோர் தம் முற்பிறப்பை உணர்வர். மணிமேகலை தன் பழம்பிறப்பை அறிந்து தன்னை வெறுக்கவில்லை, பிறரைச் சாடவுமில்லை. இப்பிறப்பிற் தான் ஆற்றவேண்டிய கடமை யாதென்பதையே தெளிந்துகொண்டாள். ஒரு சமுதாயத்துக்கும் முற்பிறப்புகள் உண்டு. கந்தரோடைத் தூபிகளும் வல்லிபுரப் பொன்னேடும் நயினைத் தமிழ்க் கல்வெட்டும் நம் குடாநாட்டின் பழம்பிறப்புச் செய்திகளாகும். அவற்றை அச்சமின்றிக் கற்க வேண்டியவர்கள் முதலில் நாமே. நாம் கற்காது விட்டால், பிறர் தமக்கு வேண்டியவாறு கற்பிப்பர். அவ்வாறே, அவற்றை நில உரிமைக்கான உறுதியாகக் கொள்வோரும், தம் நூலின் முதல் அத்தியாயத்தையே மீண்டும் ஒருமுறை படித்துப் பார்த்தல் நன்று. புத்தர் அங்கு ஆசனத்தைக் கைப்பற்றச் சென்றாரல்லர். பெற்றதையும் உரியவர்களிடமே விட்டுச்சென்றவர்.

அமராவதிச் சிற்பிகள் புத்தரை உருவமாகச் செதுக்காது, வெறும் ஆசனமாகச் செதுக்கிக் காட்டிய சிற்பங்கள் பல உள. ஆசனம் இருக்கும், அதில் ஒருவரும் இரார், இருபுறமும் நின்று மக்கள் தொழுவர். நாகதீபத்து ஐதிகத்தின் உட்பொருளையும் அச்சிற்பங்கள் வாயிலாக உணரலாம் என்று எண்ணுகின்றேன். மாமனும் மருமகனும் அந்த ஆசனத்தைக் கூடி வணங்க முடிந்தது, இருவருள் எவரும் அதில் ஏறி அமராமையினாலேயாம்.